பீர் ஃபாக்டரிக்கு ஒரு சைக்கிள் யாத்திரை!

எல்லாம் ஒரு போட்டோவால் வந்த வினை.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம். அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனி கேன்டீன். நான் பாட்டுக்குத் தயிர் சாதத்துக்கு ஊறுகாய் தொட்டுக்கொண்டிருந்தேன். டெஸ்பாட்ச் தன் செல்போனை என் டிபன் பாக்ஸுக்கு மேலே நீட்டினான்.

''பாரு... என் மச்சான்! ஜெர்மனி!''

பார்த்தேன். வளைந்து ஓடும் ஓர் ஆறு. இரண்டு பக்கமும் ஏணி வைத்து ஏற வேண்டிய மாதிரி மலைச்சரிவு. சரிவு பூரா திராட்சைத் தோட்டம். ஆற்றங்கரைச் சாலையில் அரை டிராயரும் ஹெல்மெட்டுமாக மச்சான். ஒரு கையில் சைக்கிள், இன்னொரு கையில் ஒயின் கிளாஸ். நம் ஊரில் இருந்தவரை அந்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை யாரும் பார்த்ததில்லை.

(இங்கே ஒரு சின்ன அறிவிப்பு. இது குடி சம்பந்தப்பட்ட கட்டுரை. பெயர் போட்டால் அவரவர் வீட்டில் கலவரம் வரும். ஆகவே ஆசாமிகள் எல்லோரும் டிபார்ட்மென்ட் பெயரிலேயே வருவார்கள். அடியேன், அக்கவுன்ட்ஸ்.)

மச்சான் போயிருந்தது மோசல் நதிக்கரைக்கு. அந்தப் பக்கம் இது பெரிய பொழுதுபோக்கு. சைக்கிளில் கிளம்புவது, ஒயின் தயாரிக்கிற கிராமம் ஒவ்வொன்றிலும் நிறுத்துவது, ஒரு கிளாஸ் ருசி பார்ப்பது, மறுபடி மிதிப்பது. திராட்சை விவசாயி வருஷத்தில் சில மாதங்கள் தன் வீட்டிலேயே கடை போட்டுத் தன் ஒயினை விற்றுக்கொள்ளலாம் என்று சட்டமே இடம் கொடுக்கிறது. வாசலில் ஒரு கொத்து இலை தழையைக் கட்டித் தொங்கவிட்டால் 'கடை திறந்தாச்சு' என்று அர்த்தம். பிரான்ஸில் அல்சாஸ் பக்கம் 1953-லேயே 'ஒயின் சாலை' என்று ஒன்றைத் திறந்துவிட்டார்கள். 170 கிலோமீட்டர் நீளம்! அதற்காக அங்கெல்லாம் கேட்க ஆளில்லை என்று நினைக்காதீர்கள். ஜெர்மனியில் ரத்தத்தில் ஆயிரத்துக்கு 1.6 பங்கு ஆல்கஹாலோடு பிடிபட்டால், ஓட்டியது சைக்கிளாக இருந்தாலும் கிரிமினல் கேஸ்தான்.

''நாமும் போவோம்!'' என்றான் டெஸ்பாட்ச்.

''ஜெர்மனிக்கா? லீவ் லெட்டர்ல என்னடா எழுதறது?''

''யோவ், இங்கயேதான்யா! பூந்தமல்லி தாண்டினா பீர் ஃபாக்டரி இருக்கு, டிஸ்டில்லரி இருக்கு. நம்மகிட்ட சைக்கிள் இருக்கு. வேற இன்னா வேணும்?''

யோசித்துப் பார்த்தால் வாஸ்தவம்தான். பக்கத்து டேபிளில் மோர் குடித்துக்கொண்டிருந்த ஸ்டோர்ஸ் அண்ணன் திரும்பிப் பார்த்தார்.

''நானும் வரேன்'' என்றார்.

எங்கள் இரண்டு பேருக்கும் புரையேறியது. ஸ்டோர்ஸ் அண்ணனுக்கு 48 வயசு. கம்பெனி ஆண்டு விழாவில்கூட லெமன் ஜூஸைத் தாண்டாதவர். பக்கத்தில் யாராவது கிளாஸைத் தூக்கினால் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொள்ளும் ஆசாமி. அவர் பீர் ஃபாக்டரிக்கு வருகிறாராம்!

''அண்ணே, நாங்க போறது கோயில் இல்ல...''

''தெரியும்டா. அந்த ரோடு எனக்கும் கொஞ்சம் தெரியும்'' என்று சொல்லிவிட்டு மோரை முடித்தார்.

*

சைக்கிள் விஷயத்தில் அம்பத்தூர்க்காரனுக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. உலகத்துக்கே சைக்கிள் சப்ளை செய்த மாதிரி பேசுவான். காரணம் இருக்கிறது. இந்த எஸ்டேட் வருவதற்கு முன்பே, 1949-ல், முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கம்பெனியும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸை ஆரம்பித்தன. 1951-ல் முதல் ஹெர்குலிஸ் அம்பத்தூரிலிருந்து வெளியே உருண்டு வந்தது. பால்காரர், போஸ்ட்மேன், வாத்தியார், கல்யாண மாப்பிள்ளை என்று தமிழ்நாட்டில் பாதிப் பேர் அதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள்.

என்னிடம் இருப்பது இருபத்தோரு கியர் சைக்கிள். தொப்பையைக் குறைக்கிறேன் என்று தவணையில் வாங்கியது. தவணை முடிந்தது, தொப்பை முடியவில்லை. வீட்டில் அதை ஈரத்துண்டு காயப்போட உபயோகித்து வருகிறோம். டெஸ்பாட்ச் தன் அக்கா பையனின் சைக்கிளை இரவல் வாங்கினான். அதன் கூடையில் ஒரு மிக்கி மவுஸ் படம். ஸ்டோர்ஸ் அண்ணன் கொண்டு வந்தது கறுப்பு ஹெர்குலிஸ். என் வயசைவிட அதற்கு வயசு ஜாஸ்தி. ஆனால், மூன்றிலும் அதுதான் சத்தம் போடாமல் ஓடியது.

யாத்திரைக்கு டெஸ்பாட்ச் ஒரு ஏற்பாடும் செய்திருந்தான். ருசி பார்க்கும் வைபவம் இல்லாமல் இது என்ன டூர்? சனிக்கிழமை ராத்திரியே இரண்டு பீர் பாட்டில் வாங்கி, ஐஸோடு ஹாட்பேக்கில் திணித்து, அதை என் முதுகுப் பையில் சொருகிவிட்டான். ஏன் என் பையில்? ''மிக்கி மவுஸ் கூடையில வெச்சா நல்லாவா இருக்கும்?'' என்றான்.

வழக்கப்படி நான் சட்டம் பார்த்தேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவு, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம் என்கிறது. ஆனால் அது மோட்டார் வண்டிக்கு. சைக்கிளுக்கு மோட்டார் இல்லையே என்று டெஸ்பாட்ச் குதித்தான். கொஞ்சம் பொறு தம்பி, தமிழ்நாட்டில் மதுவிலக்குச் சட்டம் என்று 1937-லிருந்து ஒன்று இருக்கிறது. பொது இடத்தில் போதையில் இருந்தால் நடந்து போனாலும் கேஸ் உண்டு என்றேன். அவன் முகம் ஐஸ் உருகின மாதிரி ஆகிவிட்டது.

*

போன பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். சி.டி.எச். ரோட்டில் அந்த நேரத்துக்கே லாரிகள். திருமுல்லைவாயல் தாண்டி ஆவடி வருவதற்குள் எனக்கு முதல் மூச்சு நின்று இரண்டாவது மூச்சு ஆரம்பித்திருந்தது.

ஆவடி என்றால் உங்களுக்கு டேங்க் ஞாபகம் வரும். கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1960-களில் விஜயந்தா டேங்குகள் வெளிவந்தன, பின்னால் அர்ஜுன். அதற்கும் முன்னால், 1955 ஜனவரியில், இங்கேதான் காங்கிரஸ் மாநாடு கூடி 'சோஷலிச மாதிரியான சமுதாயம்' என்று தீர்மானம் போட்டது. சோஷலிசம் வந்ததோ இல்லையோ, அன்று ஆவடி ஸ்டேஷன் பக்கத்தில் நாங்கள் குடித்த டீ மூன்று பேருக்கும் சம அளவில் வந்தது. அந்த மட்டும் சந்தோஷம்.

அங்கிருந்து இடது பக்கம் திரும்பி, பருத்திப்பட்டு ஏரியை ஒட்டி, பூந்தமல்லி ரோடு. ஏரி மேல் வெயில் இறங்க ஆரம்பித்திருந்தது. பூந்தமல்லியின் முழுப்பெயர் பூவிருந்தவல்லி. காஞ்சிபுரம் வரதருக்கு விசிறி வீசிய திருக்கச்சி நம்பி பிறந்த ஊர். பூ இருந்ததோ என்னவோ, நாங்கள் போனபோது டீசல் புகைதான் இருந்தது. அதற்குள்ளேயும் பஸ் ஸ்டாண்ட் வாசலில் ஒரு அம்மா மல்லிகை கட்டிக்கொண்டிருந்தார்.

ஸ்டோர்ஸ் அண்ணன் எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தார். கியர் இல்லாத சைக்கிள். 48 வயசு. மேடு வந்தால் எழுந்து நின்று இரண்டு மிதி, அவ்வளவுதான். எந்த இடத்தில் சந்து திரும்ப வேண்டும், எங்கே ரோடு சரிகிறது எல்லாம் அவருக்கு அத்துப்படி.

''அண்ணே, கூகுள் மேப் மாதிரி போறீங்களே?'' என்றேன்.

''சின்ன வயசுல வந்த ரோடுடா'' என்றார். அதற்குமேல் பேசவில்லை.

*

திருமழிசை தாண்டி, திருவள்ளூர் போகிற ரோட்டில் இன்னும் கொஞ்ச தூரம் மிதித்ததும் முதலில் வாசனை வந்தது. ஃபாக்டரி அப்புறம்தான் வந்தது.

நான் என்னவோ பீர் வாசனை வரும் என்று நினைத்திருந்தேன். இல்லை. அடுப்பில் கூழ் கொதிக்கிற வாசனை. அதில் யாரோ ஹார்லிக்ஸைக் கொட்டிவிட்ட மாதிரி. காரணம் சுலபம். ஹார்லிக்ஸுக்கும் பீருக்கும் மூலப்பொருள் ஒன்றுதான் - முளை கட்டிய பார்லி. இரண்டும் பங்காளிகள். ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வருகிறவர் கையில் போனார், இன்னொருவர் ஆஸ்பத்திரிக்கு ஆள் சேர்க்கப் போனார்.

பத்தடி உயரச் சுவர். சுவர் மேல் முள்கம்பி. பெரிய இரும்பு கேட். மோசல் கரையில் வாசலில் இலைக் கொத்து கட்டுவார்கள் என்றேனே... இங்கே கேட்டில் 'அனுமதி இல்லை' என்று போர்டு கட்டியிருந்தார்கள். (ஃபாக்டரியின் பெயர் வேண்டாம், விடுங்கள்.) டெஸ்பாட்ச் செக்யூரிட்டி பெரியவரிடம் போய், குரலில் தேன் தடவிக்கொண்டு கேட்டான்.

''ஐயா, நாங்க சைக்கிள்ல டூர் வந்திருக்கோம். சும்மா உள்ளே சுத்திப் பாக்கலாமா?''

பெரியவர் எங்களையும், மிக்கி மவுஸையும் மாறி மாறிப் பார்த்தார்.

''பாக்கறதுக்கு இன்னா சார் இருக்குது? சொவுரு இருக்குது. பாத்துட்டுப் போங்க.''

பார்த்தோம். நல்ல சுவர்.

நம்ம ஊர் ஏற்பாடு அப்படி. ஆலையில் தயாராகும் சரக்கு நேராக டாஸ்மாக் கோடவுனுக்குப் போக வேண்டும். 1983-ல் மொத்த வியாபாரத்துக்காக ஆரம்பித்த டாஸ்மாக், 2003-லிருந்து சில்லறைக் கடைகளையும் தானே நடத்துகிறது. ஆலை வாசலில் ஒரு கிளாஸ் ருசி பார்க்கிற கதையெல்லாம் இங்கே கிடையாது. மகாராஷ்டிராவில் நாசிக் பக்கம் போனால் திராட்சைத் தோட்டத்துக்குள்ளேயே உட்கார்த்தி வைத்து ஊற்றித் தருகிறார்கள். தமிழ்நாட்டில் திராட்சை பார்க்க வேண்டுமானால் கம்பம் பள்ளத்தாக்குக்குத்தான் போக வேண்டும். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடுகூட வந்துவிட்டது. ஆனால், அம்பத்தூரிலிருந்து சைக்கிளில் போய்ச் சேர்வதற்குள் திராட்சை உலர்ந்து கிஸ்மிஸ் ஆகிவிடும்.

ஆதியில் பீர் இவ்வளவு சுவர்களுக்குள் இல்லை. வெள்ளைக்காரப் பட்டாளத்துக்காக நீலகிரி, பெங்களூர் பக்கமெல்லாம் சின்னச் சின்ன ஆலைகள் இருந்தன. தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1915-ல் தென்னிந்தியாவில் இருந்த ஐந்து ஆலைகளை ஒன்றாக்கி யுனைடெட் புரூவரீஸ் என்று பெயர் வைத்தார். அந்தக் காலத்தில் பீர், பீப்பாயில் அடைத்து மாட்டு வண்டியில் போகும்.

மாடு என்றதும் ஞாபகம் வருகிறது. நாங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கேட் திறந்தது. ஒரு லாரி வெளியே வந்தது. பின்னால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிய, ஆவி பறக்க, பழுப்பு நிறத்தில் குப்பலாக ஏதோ ஒன்று.

''அது இன்னாண்ணே?''

''பீர் சக்கை. மாட்டுக்குப் போவுது'' என்றார் ஸ்டோர்ஸ் அண்ணன்.

டெஸ்பாட்சுக்குப் பொறுக்கவில்லை. ''மனுஷனுக்குக் கேட்டைச் சாத்திட்டு மாட்டுக்குத் தொறக்கறாங்களே! மாடு மப்புல இருக்குமாண்ணே?''

இருக்காது. முளை கட்டிய பார்லியை இடித்து வெந்நீரில் ஊறவைத்தால் அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறித் தண்ணீரில் இறங்கும். அந்த இனிப்புச் சாற்றை வடிகட்டி, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, அதன்பிறகுதான் ஈஸ்ட் சேர்ப்பார்கள். ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக்கும். சக்கை அதற்கு முன்னாலேயே தனியாகப் போய்விடுகிறது. ஆகவே மாடு, வீட்டுக்கு நேராகத்தான் போகும். ஒரு லிட்டர் பீருக்கு நாலைந்து லிட்டர் தண்ணீர் செலவாகும் என்பது உபரித் தகவல். கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றவர்கள் இதை மறக்காமல் குறித்துக்கொள்ளவும்.

எங்கள் யாத்திரையின் பிரதான ஸ்தலம் இத்தோடு முடிந்தது. மொத்த தரிசனம் பன்னிரண்டு நிமிஷம்.

*

திரும்பும்போது ஸ்டோர்ஸ் அண்ணன், ''குத்தம்பாக்கம் வழியா போலாம்'' என்றார்.

குத்தம்பாக்கம் என்ற பெயரைப் பஞ்சாயத்து விஷயம் தெரிந்தவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். ஒரு காலத்தில் கள்ளச்சாராயத்துக்கும் சாதிச் சண்டைக்கும் பெயர் போன ஊர். அதே ஊரில் பிறந்த இளங்கோ ரங்கசாமி, கெமிக்கல் இன்ஜினீயர். காரைக்குடியில் மத்திய அரசு ஆராய்ச்சிக்கூடத்தில் விஞ்ஞானி. 1994-ல் அந்த வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தார். 1996 தேர்தலில் பஞ்சாயத்துத் தலைவரானார். சாராயத்தை எதிர்த்து ஊர் இளைஞர்களைச் சேர்த்தார். காய்ச்சியவர்களுக்கு வேறு பிழைப்பு வேண்டும் என்று கட்டடம், சாலை என்று ஊருக்குள்ளேயே வேலையை உண்டாக்கினார். சமத்துவபுரம் வந்தபோது 50 இரட்டை வீடுகள் கட்டினார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் தலித் குடும்பம், மறுபக்கம் வேறு சாதிக் குடும்பம். நடுச்சுவர் ஒன்று. காலையில் பார்த்தது பிரிக்கிற சுவர். இது சேர்க்கிற சுவர்.

ஊருக்கு வெளியே ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் பையை இறக்கி வைத்தேன். உள்ளே பாட்டில் 'ணங்' என்றது. ஸ்டோர்ஸ் அண்ணன் அதைப் பார்த்தார். அப்புறம் தன் சைக்கிளைப் பார்த்தார்.

''நீங்க இன்னிக்கு வந்தீங்களே டூரு... இத நான் ஆறாங்கிளாஸ்லயே வந்துட்டேன்டா'' என்றார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நடுவில் எங்கள் வாய் மூடியிருந்தது.

''எங்க ஊரு இது இல்ல. ஏரிக்கு அந்தாண்ட. 87-ல சாராயக் கடை, கள்ளுக்கடை எல்லாத்தையும் மூடுனாங்க பாரு, அப்பதான் எங்க நைனாவுக்கு வேலை வந்துச்சு. ஏரிக்கரைல, முள்ளுக்காட்டுல பானைய பொதச்சு ஊறல் போடுவாங்க. வெல்லம், வேலம்பட்டை, கண்டதும். நாலஞ்சு நாள் கழிச்சுக் காய்ச்சுவாங்க. காய்ச்சறது வேற ஆளு. எங்க நைனா காய்ச்ச மாட்டாரு. கொண்டு போறவரு. லாரி ட்யூப் தெரியும்ல? அதுல ஊத்தி, வாயக் கட்டி, கேரியர்ல வெச்சு, மேல கீரைக்கட்டு அடுக்கிடுவாரு. விடியக்காலைல கெளம்பினா ஷிஃப்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னால அம்பத்தூரு. எஸ்டேட்டச் சுத்தி அதுக்கு ஆளு இருந்தாங்க.

என்னை அம்பத்தூர்ல இருக்கற ஸ்கூல்லதான் சேத்தாரு. எங்க ஊர்லயே ஸ்கூல் இருக்குது. ஆனா 'நீ டவுன்ல படிக்கணும்டா'ன்னாரு. தெனமும் முன்னால பார்ல துண்டக் கட்டி, யூனிஃபார்மோட என்னை ஒக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போவாரு. ரெண்டு மணி நேரம் மிதிப்பாரு. எங்க தெருவுல எந்த அப்பனும் புள்ளைய அப்படிக் கூட்டிப் போனதில்ல. எனக்கு அவ்ளோ பெருமை.

செக்போஸ்ட்ல போலீஸ்காரரு என் கன்னத்தைக் கிள்ளி 'நல்லாப் படிக்கணும்'னு சொல்லுவாரு. நைனா சிரிப்பாரு. புள்ளைய வெச்சுனு போறவன எவன் சோதனை போடுவான்?''

டீ வந்தது. யாரும் எடுக்கவில்லை.

''ஒருநாள் ட்யூப் கசிஞ்சிருக்குது. பின்னால இருந்து ஒழுகி, என் பைல, டிராயர்ல எல்லாம். எனக்குத் தெரியல. கிளாஸ்ல போய் ஒக்காந்தேன். டீச்சர் மோந்து பாத்தாங்க. எல்லாப் பசங்களும் மூக்கப் புடிச்சினு சிரிச்சானுங்க. வெளில நிக்க வெச்சாங்க. அன்னிக்குத்தான் எனக்கு விஷயமே புரிஞ்சுது. சாயங்காலம் நைனா கிட்ட கேட்டேன், 'என்னைப் படிக்க வெக்கத்தான் கூட்டிட்டுப் போனியா, இல்ல அதுக்கா?'ன்னு. அவரு பதிலே சொல்லல. மறுநாள்லருந்து என்னைக் கூப்புடல. நான் எங்க ஊரு ஸ்கூலுக்கே நடந்து போனேன்.

அவரு விடல. ரெண்டு வருஷம் கழிச்சு மாட்டினாரு. வெளிய வந்தப்பறம் தூக்கறதுக்குப் பதிலா குடிக்க ஆரம்பிச்சாரு. நாப்பத்திரண்டு வயசுல போய்ட்டாரு.''

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

''இந்த வண்டி அதாண்டா. டயரு, செயினு, சீட்டு, ரிம்மு எல்லாம் மாத்திட்டேன். ஃபிரேம் மட்டும் நைனாது.''

நான் அப்போதுதான் கவனித்தேன். சைக்கிள் பாரின் நடுவில், ஒரு சாண் நீளத்துக்கு, கறுப்புப் பெயின்ட் தேய்ந்து இரும்பு தெரிந்தது. துண்டு கட்டிய இடம்.

''ஏண்ணே எங்களோட வந்தீங்க?'' என்று டெஸ்பாட்ச் மெதுவாகக் கேட்டான்.

''இந்த ரோட்டுல சும்மா ஒருவாட்டி ஓட்டிப் பாக்கணும்னு இருந்துச்சு. கேரியர்ல எதுவும் இல்லாம.''

*

டீக்கடையை விட்டு ஏரிக்கரைப் பக்கம் வந்தபோது மணி பத்து. நாலைந்து பனைமரம். அதன் நிழலில் ஒரு பெரியவர் பானையோடு உட்கார்ந்திருந்தார். பதநீர்!

ஓலையை மடித்துப் பட்டை பிடித்து, அதில் ஊற்றினார். நுங்கை வழித்துப் போட்டார். இரண்டு கையாலும் ஏந்திக் குடிக்கும்போது மூக்கில் பச்சை ஓலை வாசனை. காலையிலிருந்து மிதித்த கால் இரண்டும் 'இதுக்குத்தானே வந்தோம்' என்றன.

''பெரியவரே, இதே மரம்தானே கள்ளும் கொடுக்குது?'' என்று கேட்டேன்.

''அதே மரம், அதே பாளை சாமி. பானைக்குள்ள சுண்ணாம்பு தடவினா பதநி, தடவாங்காட்டி கள்ளு. விரல் நுனி சுண்ணாம்புலதான் இருக்குது சட்டம்'' என்றார்.

நூற்றுக்கு நூறு சரி. பாளையில் வடியும் இனிப்புச் சாறு இறங்கிய சில மணி நேரத்தில் தானாகவே புளிக்கத் தொடங்கிவிடும். காற்றில் இருக்கிற ஈஸ்ட் போதும். ஃபாக்டரி வேண்டாம், சுவர் வேண்டாம். சுண்ணாம்பு அதைத் தடுக்கிறது. கள்ளில் இருக்கிற ஆல்கஹாலும் பீரில் இருப்பதும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். ஆனால் 1987-லிருந்து இங்கே கள் இறக்கினால் குற்றம். பாலக்காட்டுக்குப் போனால் அதே கள்ளுக்குக் கடையும் போர்டும் உண்டு.

நம்ம ஊர் மதுக் கொள்கையும் ஏரி மதகும் ஒன்று. திறப்பார்கள், மூடுவார்கள். 1937-ல் ராஜாஜி சேலத்தில் மூடினார். 1971-ல் திறந்தது, 1974-ல் மூடியது, 1981-ல் திறந்தது, 1987-ல் சாராயமும் கள்ளும் மட்டும் மூடியது, 1990-ல் மலிவு விலை மது என்று வந்தது, 1991-ல் போனது. ஒவ்வொரு தடவை திறந்தபோதும் ஒருத்தன் குடித்தான். மூடியபோது இன்னொருத்தன் ட்யூபைக் கட்டிக்கொண்டு சைக்கிள் ஏறினான். அந்தக் கதை இன்னும் முடிந்தபாடில்லை. 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டு பக்கம் இருபதுக்கும் மேற்பட்டவர்கள், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் விஷச்சாராயம் குடித்துச் செத்தார்கள். மெத்தனால். தொழிற்சாலைக்கான சரக்கு. உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறி முதலில் கண்ணைப் பறிக்கும், பிறகு ஆளை.

ஜெர்மனி மச்சான் கிளாஸைத் தூக்கிப் பிடித்துச் சிரிப்பதில் தப்பு ஒன்றும் இல்லை. அங்கே அதைத் தயாரித்தவனே ஊற்றித் தருகிறான். அவன் பெயர் பாட்டிலில் இருக்கிறது. நம்ம பக்கத்தில் தயாரிக்கிறவன் முள்காட்டில், கொண்டு போகிறவன் இருட்டில், குடிக்கிறவன் ஓரத்தில். இந்த மூன்று பேருக்கும் வீட்டில் பிள்ளைகள்.

பெரியவருக்கு அறுபது தாண்டிவிட்டது. இரண்டு பையன்களும் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி வேலையாம். ''எனக்கப்புறம் இந்த மரத்துல ஏற ஆளில்ல'' என்றார். பனை நமக்கு மாநில மரம். 2021-ல், கலெக்டர் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது என்றும் அறிவித்தார்கள். வெட்டாமல் இருக்கலாம். ஏறுவதற்கு?

ஸ்டோர்ஸ் அண்ணன் இரண்டாவது பட்டையும் வாங்கிக் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்.

''ஏன்டா, காலைலருந்து அந்த பாட்டிலைத் தூக்கினு அலையறீங்க? வேணும்னா வீட்ல போய்க் குடிங்க. நான் ஒண்ணும் சாமியாரு இல்ல. எவனையும் தடுக்க மாட்டேன்.''

டெஸ்பாட்ச் தலையைச் சொறிந்தான். ''ஐஸ் உருகிடுச்சுண்ணே'' என்றான்.

*

அம்பத்தூர் வந்து சேர்ந்தபோது மணி ஒன்றரை. போக வர கிட்டத்தட்ட அம்பது கிலோமீட்டர். இரண்டு பாட்டில் பீர், ஓர் உலகச் சுற்றுலாப் பயணியைப் போல, திறக்கப்படாமலே ஊர் சுற்றிவிட்டு வீடு திரும்பியது. என் மனைவி பையைத் திறந்து பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். ''தொப்பை கொறையறதுக்குத்தான் போனீங்களா?''

அன்றோடு நான் திருந்திவிட்டேன் என்று எழுதினால், எங்கள் ஆபீஸில் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். நானே நம்ப மாட்டேன். அந்தப் பாட்டில்களில் ஒன்றை அடுத்த வாரம் டெஸ்பாட்ச் வந்து வாங்கிக்கொண்டு போனான். இன்னொன்று ஃப்ரிட்ஜில் மாவு டப்பாவுக்குப் பின்னால் கொஞ்ச நாள் இருந்தது. அப்புறம் இல்லை. அவ்வளவுதான் சொல்வேன்.

ஆனால் அன்று சாயங்காலம் ஒன்று நடந்தது. என் பையன் இரண்டாம் வகுப்பு. ஈரத்துண்டு இல்லாமல் சைக்கிளைப் பார்த்ததே அவனுக்கு ஆச்சரியம். ''ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போப்பா'' என்றான். என் சைக்கிளில் பார் சாய்வாக இருக்கும். துண்டை மடித்துக் கட்டி உட்கார வைத்தேன். தெருமுனை வரை போயிருப்போம். பின்னால் சாய்ந்து என் சட்டையில் மூக்கை வைத்தான்.

''இன்னாப்பா ஸ்மெல்லு?''

எனக்கு ஒரு நொடி வயிற்றைக் கலக்கியது.

''வேர்வைடா'' என்றேன்.

''ச்சீ'' என்றான். சிரித்தான்.

இன்னொரு ரவுண்டு போனோம்.